நான் கழற்றிய வால்வு

பாப்பா,

மூன்று வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உன் பெரியப்பா அந்தக் கதையை எடுத்தார். நம் சொந்தத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் எப்படியும் வந்துவிடுகிற கதைதான். "சம்பந்தி, எங்க பொண்ண லேசா நெனச்சுடாதீங்க. என் பையன் மாப்பிள்ளை அழைப்புல, தேரடித் தெரு நடுவுல, கார் எஞ்சினையே இட்லிப் பானை மாதிரி ஆவி பறக்க வெச்ச பொண்ணு இது. நல்லா இருந்த கம்பெனி ஃபேனைக் கழட்டிட்டு இவளா ஒண்ணு மாட்டுனா. கடைசில என் பையன் மாலையும் கழுத்துமா மண்டபத்துக்கு ஆட்டோல போனான்." உன் மாமனாராகப் போகிறவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்போ எங்க வீட்டு மிக்ஸியத் தொட வுடக் கூடாது" என்றார். மாப்பிள்ளையும் சிரித்தார். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பை இழுத்து வலது முன்கையை மூடிக்கொண்டாய். நானும் சிரித்தேன்.

ஒன்பது வருஷமாக இப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உன் கை அந்தத் தலைப்பை இழுத்ததைப் பார்த்தபோதுதான், இந்தக் கதை உன்னோடு இன்னொரு வீட்டுக்கும் வரப்போகிறது என்று உறைத்தது. நாளைக்கு உன் பிள்ளைகளுக்கும் சொல்வார்கள். மகள் கல்யாணத்துக்கு முன்னால் தகப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்கும், ஆசீர்வாதம் இருக்கும். எனக்கு அந்த யோக்கியதை வருவதற்கு முன்னால் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அந்தக் கார் கொதித்தது நீ செய்த வேலையால் இல்லை. நான் செய்த வேலையால்.

இந்த ஒரு வரியோடு நிறுத்திவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். ஆனால் நீ "எப்படி" என்று கேட்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு "என்ன" போதாது, "எப்படி" வேண்டும். அதனால் முழுதாக எழுதுகிறேன். எனக்குக் கேவலமாக இருக்கிற இடங்களைத்தான் கூடுதலாக எழுத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. பச்சை நிறம், வட்ட விளக்கு, என்னைவிட நாலைந்து வயதுதான் இளையது. கலெக்டர் ஆபீசில் நில அளவைப் படம் வரைகிற எனக்கு ஊரில் ஒரு பெயர் கிடைத்தது அந்தக் காரால்தான். பெரிய படிப்பு இல்லாவிட்டாலும் நானே பார்த்துப் பார்த்து அதைப் பழகிக்கொண்டேன். நம் வேங்கிக்காலில் யாருடைய வண்டி நின்றாலும் "கார்க்காரரைக் கூப்பிடு" என்பார்கள். ஆபீசில் எனக்கு மேலே பத்துப் பேர் இருந்தார்கள். பானட்டைத் திறந்தால் எனக்கு மேலே யாரும் இல்லை. அந்த நினைப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது உனக்குத் தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

அந்தக் காருக்கு ஒரே ஒரு குறை, சூடு. சித்திரை வைகாசியில் சென்னைக்குக் கிளம்பினால் செஞ்சியில் ஒரு தடவை, திண்டிவனத்தில் ஒரு தடவை நிறுத்தி, பானட்டைத் தூக்கி ஆற விட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக ரோட்டில் ஒழுகிப் போய்விடும். முன் சீட்டில் உன் காலடியில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர் இருக்கும். செஞ்சிக்கோட்டை எதிரில் ஒரு புளியமரத்தடியில் நீ கேனைப் பிடித்துக்கொண்டு கேட்டது நினைவிருக்கிறது. "ஏம்ப்பா ஒவ்வொரு தடவையும் நாமளே ஊத்தணும்? கீழ ஒழுகறத அதுவே திருப்பி எடுத்துக்காதா?" உனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நான் சிரித்துவிட்டு, "இதுக்கு தாகம் ஜாஸ்திம்மா" என்றேன். நீ கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பது எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு வழி இருக்கலாம் என்று பன்னிரண்டு வருஷம் அந்தக் காரை ஓட்டிய எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தக் கேள்விக்கு நீயே பதில் கண்டுபிடித்தது எஞ்சினியரிங் மூன்றாம் வருஷ லீவில். ஒரு மாதம் முழுக்கப் பழைய தாள் கட்டிய நோட்டில் படம் படமாக வரைந்தாய். போளூர் ரோட்டில் நம் மெக்கானிக் பாஷா பாய் பட்டறைக்கும் வீட்டுக்கும் சைக்கிளில் அலைந்தாய். எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிற இரும்பு விசிறி வண்டி மெதுவாகப் போகும்போது மெதுவாகத்தான் சுற்றும், காற்று அதிகமாக வேண்டிய நேரத்தில் அது கம்மியாகத்தான் கொடுக்கும் என்று எனக்கு விளக்கினாய். அதைக் கழற்றிவிட்டு, உடைத்துப் போட்ட ஒரு புதுக் காரிலிருந்து மின்சார விசிறி எடுத்துப் பொருத்தினாய். ரேடியேட்டரின் அடியில் ஒரு சுவிட்சும், சூட்டை முள்ளில் காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு புது மீட்டரும் வைத்தாய். தண்ணீர் ஒரு சூட்டைத் தாண்டினால் விசிறி தானாகச் சுற்றும், ஆறினால் தானாக நிற்கும். ரோட்டில் ஒழுகிய தண்ணீரைப் பிடிக்க ஒரு பாட்டில் வைத்தாய். எஞ்சின் ஆறும்போது அது திரும்ப உள்ளே போய்விடும். போர்த் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றினாய். நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லாம் "இந்த வெயிலுக்கு எதுக்கு" என்று பிடுங்கிப் போட்டுவிடுகிற அந்த வால்வை, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வாசலில் உட்காருகிற அந்தச் சின்னப் பித்தளை வால்வை, தேடிப் புதிதாக வாங்கி வந்து அதன் இடத்தில் உட்கார வைத்தாய்.

பட்டறையில் எஞ்சினை ஓட விட்டு மூன்று பேரும் நின்றோம். முள் ஏறியது. விசிறி தானாகச் சுற்றியது. முள் இறங்கியது. பாஷா பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சார், பன்னெண்டு வருஷமா இந்த வண்டிக்கு நானும் நீங்களும் தண்ணி ஊத்திட்டு இருந்தோம், பாத்தீங்களா? பாப்பா மூளைக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் சும்மா." அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நீ வெட்கப்பட்டு என்னைப் பார்த்தாய். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாய். நான், "ஓடட்டும் பாக்கலாம். வெயில் ரோட்டுல ஓடுனாத்தான் தெரியும்" என்றேன். உன் முகம் லேசாக வாடியது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தப்பு அந்த இடத்தில் ஆரம்பித்தது. வால்வைக் கழற்றியது அதற்கப்புறம்தான்.

அடுத்த வாரம் உன் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு நம் பச்சைக் கார்தான் என்று ஆறு மாதம் முன்னாலேயே முடிவாகியிருந்தது. அன்றைக்குக் காலையில் நீயும் அம்மாவும் சீர்த்தட்டு வேலைக்கு மண்டபம் போய்விட்டீர்கள். பூக்காரர் வருவதற்கு முன் காரைத் துடைக்கலாம் என்று நான் மட்டும் வீட்டில் இருந்தேன். பானட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாம் உன் வேலை. என் கை பட்டது எதுவும் இல்லை என்பது போல இருந்தது. சாயந்திரம் பாண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போக வேண்டும், அந்த வால்வு தண்ணீரை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்கு நானே ஒரு பயத்தைச் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் வால்வு இல்லாமல்தானே ஓடியது என்று ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். இரண்டு போல்ட்டுதான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வால்வை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூடியை முடுக்கி, சிந்திய கூலன்ட்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். உனக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். மண்டபம் இரண்டு கிலோமீட்டர். கேட்கத் தோன்றவில்லை என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன் பாப்பா. தோன்றியது. கேட்டால் நீ வேண்டாம் என்பாய், ஏன் என்றும் சொல்வாய், அது சரியாகவும் இருக்கும். அதனால்தான் கேட்கவில்லை.

சித்திரை மாதத்தில் நம் ஊர் மலை பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயந்திரம்தான் திருப்பிக் கொடுக்கும். பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியபோதே தெரு தகித்தது. நான் ஓட்டினேன். பின் சீட்டில் மாப்பிள்ளை, உன் பெரியப்பா மகன், பட்டு வேட்டியில், பக்கத்தில் அவன் சிநேகிதன். முன் சீட்டில் நீ, புது மீட்டரின் முள்ளை விட்டுக் கண் எடுக்காமல். தேரடித் தெரு முனைக்கு வந்தபோது மெதுவாகச் சொன்னாய், "அப்பா, முள்ளு ஏறுது. ஃபேன் ஓடல."

"ஓடும், இரு" என்றேன்.

"ஓடணும்ப்பா. இந்நேரம் ஓடியிருக்கணும். ஓரமா நிறுத்துப்பா, செவப்புக்குப் போயிடுச்சு."

முன்னால் பாண்டு வாத்தியக்காரர்கள், அவர்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள், இரண்டு பக்கமும் கடைவாசலில் நின்று பார்க்கிற ஜனங்கள். இத்தனை பேர் முன்னால் காரை நிறுத்துவதாவது என்று எனக்கு. இன்னும் முப்பது நாற்பது அடி ஓட்டினேன். அப்புறம் நான் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லாமல் அதுவே நின்றுவிட்டது. பானட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி கொட்டியது. பூச்சரம் எல்லாம் அப்படியே வெந்து தொங்கியது. நான் இறங்கி ஓடிப் போய், தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். பன்னிரண்டு வருஷம் வண்டி வைத்திருந்தவன் செய்யக் கூடாத காரியம். நீ கத்தினாய். "அப்பா, தொறக்காத!" நான் திருப்பிவிட்டேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். நான் பின்னால் விழுந்தேன். அந்தத் தண்ணீர் என் முகத்துக்கு வர வேண்டியது, உன் கையில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் உனக்குக் கட்டுப் போடும்போது பெரியப்பா வந்தார். அவருக்குக் கோபம், மகன் கல்யாணம். "நல்லா இருந்த வண்டியில எதுக்குடா பொம்பளப் புள்ளைய கை வைக்க வுட்ட?" என்று என்னிடம் கேட்டார். நீ கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். அந்த நிமிஷத்தில் நான் என் சட்டைப் பையிலிருந்து வால்வை எடுத்து அவர் கையில் வைத்திருக்க வேண்டும். அது பையில்தான் இருந்தது, சாவிக்கொத்தைப் போல நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். நீயும்தான். "சாரி பெரியப்பா, எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்" என்று நீ சொன்னாய்.

அப்போதுகூட, என் வேலையால்தான் கொதித்தது என்று எனக்கு முழுசாகத் தெரியாது என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அதுவும் இரண்டு நாள்தான். நீ மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கும்போது உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். வால்வின் படத்துக்குக் கீழே உன் குண்டுக் கையெழுத்து: "வால்வின் அடித்தட்டு, சூடு ஏறியதும் பக்க வழியை அடைக்கும். வால்வு இல்லையென்றால் பக்க வழி திறந்தே இருக்கும். சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ரேடியேட்டர் சூடாகாததால் விசிறியும் சுற்றாது. வால்வைக் கழற்றக் கூடாது." கடைசி வரிக்கு இரண்டு கோடு போட்டிருந்தாய். பழைய இரும்பு விசிறி வால்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருந்தது, அதனால் ஏதோ சமாளித்தது. உன் ஏற்பாட்டில் ஒன்று இன்னொன்றை நம்பி இருந்தது. நான் அதில் ஒன்றை உருவிவிட்டேன். நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை எழுப்பிச் சொல்லலாமா என்று நினைத்தேன். நீ நன்றாகத் தூங்குகிறாய், எழுப்ப வேண்டாம் என்று உன் மேல் இரக்கப்படுவதுபோல எனக்கே நாடகம் ஆடினேன்.

இதோடு நின்றிருந்தால் நான் ஒரு கோழை, அவ்வளவுதான். அடுத்தது அதைவிட மோசம். இதை எழுத மூன்று தடவை பேனாவை எடுத்து வைத்தேன். கார் பாஷா பாய் பட்டறைக்குப் போய், அவர் எஞ்சின் தலையைக் கழற்றி வளைந்திருக்கிறது என்று சொல்லி ஒரு வாரம் இருக்கும். நான் ஆபீசில் இருந்தேன். பாய் போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "சார், பாப்பா வந்துருக்குது. கையில கட்டோட சைக்கிள்ள வந்துருக்குது. வண்டி வந்தப்போ உள்ள வால்வு இருந்துச்சா பாய்னு கேக்குது. நான் தொறந்தப்போ இல்ல சார். இன்னா சொல்லட்டும்?"

நீ கண்டுபிடித்துவிட்டாய் பாப்பா. கை எரிய எரிய படுத்துக்கொண்டே யோசித்துச் சரியான இடத்துக்கு வந்துவிட்டாய். உலகத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை, கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் போய்க் கேட்டாய். நான் போனில், "இருந்துச்சுன்னு சொல்லிடு பாய்" என்றேன். அவர் "சரி சார்" என்று வைத்துவிட்டார். அன்று சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்தபோது நீ அந்த நோட்டைப் பழைய பேப்பர்க் கட்டோடு வைத்திருந்தாய். அம்மா "ஏன்டி" என்று கேட்டதற்கு, "கணக்கே தப்பும்மா, எங்க தப்புன்னே புரியல" என்றாய். எங்கே தப்பு என்று தெரிந்தவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த நோட்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. வால்வு, நான் ரிட்டயர் ஆகும்வரை, ஆபீஸ் மேஜையில் கிடந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் அதை நான் எப்படிப் பார்த்தேன் என்பது தெரியாது. கடைசி வருஷத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வண்டிகளைச் சோதித்துப் பார்க்கிற ஒரு கம்பெனியிலிருந்து உனக்கு வேலை வந்தது. வகுப்பிலேயே உனக்கு மட்டும். நீ போகவில்லை. பேங்க் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாய். பெரியப்பா ஏன் என்று கேட்டபோது, "பேங்க்ல உக்காந்தா எதுவும் கொதிக்காது பெரியப்பா" என்று சிரித்தாய். எல்லோருக்கும் அந்தப் பதில் பிடித்துவிட்டது. நான், "பொண்ணுக்கு நல்ல வேலைதான்" என்றேன். தாம்பரத்தில் உன் ஸ்கூட்டி நின்றுவிட்டால் மெக்கானிக் கடைவரை தள்ளிக்கொண்டு போகிறாய் என்று உன் அறைத்தோழி ஒரு தடவை சொன்னாள். பிளக்கைக் கழற்றித் துடைத்தால் போதும் என்பது பத்தாம் வகுப்பிலேயே உனக்குத் தெரியும். உன் கையை உனக்கே நம்ப முடியாமல் ஆக்கியது யார் என்று நினைத்து அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. உன் அம்மா வாயுத்தொல்லை என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

நிச்சயம் முடிந்த மறுநாள் காலை பாஷா பாய் பட்டறைக்குப் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறார். நோட்டையும் வால்வையும் அவர் முன்னால் வைத்தேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வால்வை ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்துப் போட்டார். சூடு ஏறியதும் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது. ஒரு குறையும் இல்லை. "சார், அஞ்சு வேளை தொழுறேன். அந்த ஒரு பொய் மட்டும் தொண்டையில நிக்குது" என்றார். "நீங்க சொல்லச் சொன்னீங்க, நான் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்து, அப்படியா பாய்னு கேட்டுட்டுப் போச்சு. அதுக்கப்புறம் இந்தப் பட்டறைப் பக்கமே வரல." நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு சார்" என்றார்.

வீட்டுப் பக்கவாட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த காரை இழுத்துக்கொண்டு போய், வளைந்த எஞ்சின் தலையைச் சரிசெய்து, உன் நோட்டைப் பார்த்து நீ செய்தபடியே எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினோம். அன்றைக்கு எஞ்சினைப் பிரித்தபோது கழற்றிய உன் விசிறியை பாய் தூக்கிப் போடாமல் பரண்மேல் வைத்திருந்தார். பத்து நாள் ஆயிற்று. சித்திரை மாதம்தான், அதே வெயில். மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் மட்டும் அந்தக் காரைத் தேரடித் தெருவில் நடை வேகத்தில் ஓட்டினோம். கடைக்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பாய் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தார். முள் ஏறியது. விசிறி சுற்றியது. முள் இறங்கியது. விசிறி நின்றது. மறுபடியும் தெரு முனையிலிருந்து. மறுபடியும். ஒரு மணி நேரம் ஓட்டினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் ரோட்டில் விழவில்லை. உன் கணக்கில் எந்த இடத்திலும் தப்பு இல்லை பாப்பா. இருபது வயதில் நீ போட்ட அந்தக் கணக்கு ஒன்பது வருஷம் கழித்தும் சரியாக இருக்கிறது.

அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். "ஒரு மாசம் அவ கைக்கு நான் களிம்பு தடவுனேன்" என்றாள். "அவ கத்துவா. நீங்க பக்கத்துல உக்காந்து விசிறி விட்டீங்க." அவ்வளவுதான் சொன்னாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. பெரியப்பா வீட்டுக்கும் போனேன். அவர் தடுத்தார். "கல்யாணத்த வெச்சுக்கிட்டு எதுக்குடா இதெல்லாம் கெளர்ற? போனது போச்சு, வுடு." எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அவர் கதையைத்தான் சொன்னார், அந்தக் கதையை அவர் கையில் கொடுத்தவன் நான். "அண்ணே, இனிமே அத நீங்க சொல்லக் கூடாது. சொல்றதா இருந்தா எம்பேரப் போட்டுச் சொல்லுங்க" என்றேன். அவர் "அந்தப் புள்ள எங்கிட்ட சாரி கேட்டுதேடா" என்றார். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டார்.

புத்திமதி என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் பட்டதைச் சொல்கிறேன். எனக்கு உன்மேல் எந்தக் கெட்ட எண்ணமும் இருந்ததில்லை. நீ என்றால் எனக்கு உயிர். அந்த உயிருக்கும் ஒரு சின்னக் குத்தலுக்கும் நடுவில் ஒரு கால் மணி நேரத்தில் நான் எந்தப் பக்கம் போனேன் என்று பார்த்துக்கொள். உன்னை நேசிக்கிறவர்களும் உன்னைக் குறைக்கப் பார்ப்பார்கள். அது அவர்களுக்கே தெரியாது. போகிற வீட்டில் உன்னைப் பற்றி யாராவது சிரிப்புக் கதை சொன்னால், அது நடந்தது எப்படி என்று உனக்கே புரியாமல் இருந்தால், கூடச் சேர்ந்து சிரிக்காதே. ஒருவர் பதில் சொன்னால் இன்னொருவரிடமும் கேள். அப்பாவாக இருந்தாலும் கேள். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது உன்னைவிட நன்றாக ஒன்றைச் செய்கிற நாள் வரும். அப்போது உடனே, வாயைத் திறந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு. அதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டவன் எங்கே போய் நின்றேன் என்று நீ பார்த்துவிட்டாய்.

உன் மாமனாரிடமும் மாப்பிள்ளையிடமும் நானே போய்ச் சொல்லத் தயாராக இருக்கிறேன். மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தில் இன்னொரு தடவை நானாக எதையும் செய்யப்போவதில்லை. எப்போது, யாரிடம், சொல்வதா வேண்டாமா என்று நீ சொல். கல்யாணத்தில் உன் கையைப் பிடித்துக் கொடுக்க என் கை வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல்லிவிடு. பெரியப்பா இருக்கிறார். நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டு நிற்பேன், எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வருத்தமாக இருக்கும், ஆனால் நியாயம் என்று தெரியும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடலாம் என்றுதான் முதலில் உறை வாங்கினேன். தபாலில் போட்டால் நீ படிக்கும்போது நான் இங்கே பேப்பர் படித்துக்கொண்டு இருப்பேன். உன் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துவிடுவேன். தப்பிப்பதில் எனக்குப் பழக்கம் அதிகம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். உன் ஹாஸ்டல் பக்கத்தில் இருக்கிற அந்த ஓட்டலில், ஒரு மேஜையில், இதை உன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ அவசரப்படாமல் படி. படித்து முடித்ததும் நீ கத்தினாலும் சரி, அழுதாலும் சரி, ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாலும் சரி. நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்பா